பக்கவாட்டில் இன்னொரு படம்

டோங்காட்டில் இன்று கரும்புக்குத் தீ வைத்த நாள்.
ஜன்னல் கம்பியெல்லாம் கரித்துகள்.
இரவு டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து
உலையில் அரிசி போட்டுவிட்டு
குபேஷ்னி ரங்கசாமி அனுப்பிய படத்தைத் திறக்கிறேன்.

கொத்தமல்லி பூத்துக்கிடக்கிறது.
பூமேல் ஒன்று.
கறுப்பு, மஞ்சள், கறுப்பு.
உண்டா இல்லையா என்னும்படி ஓர் இடுப்பு.
கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்,
அக்கா என்ற சொல் மட்டும் நம்முடையது:
குளவியா அக்கா?
போன வருஷம் கொட்டி
சின்னவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது.
மருந்தடிக்க ஐந்து மணிக்கு ஆள் வருகிறான்.

மணி மூன்றேகால்.

பன்னிரண்டு வருஷமாய் எக்ஸ்ரே அறையில் நிற்கிறவள் நான்.
மூச்சை இழு, பிடி, விடு என்று
ஜூலுவில் சொல்வேன், இங்கிலீஷில் சொல்வேன்.
திரையில் நிழல் விழுந்திருப்பது எனக்குத் தெரியும்.
சட்டையை மாட்டிக்கொண்டே
என் முகத்தைப் பார்ப்பார்கள்.
"டாக்டர் சொல்வார்."
அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

பூச்சி விஷயத்தில் யாரும் தடுக்கவில்லை.

நிறத்தை நம்பக் கூடாது.
அது பறவைக்காகப் போட்ட வேஷம்.
சிறகை எண்ண வேண்டும்:
குளவிக்கு நாலு, ஈக்கு இரண்டு.
விரித்துக் காட்டினால் எண்ணலாம்.
இது மடித்து வைத்திருக்கிறது,
சீட்டாட்டத்தில் கையை மறைப்பவன் மாதிரி.

உணர்கொம்பு?
நீளமாய் இரண்டு, முன்னால் நீட்டியபடி.
பெரிதாக்கினால்
அவை முன்னங்கால்கள்.
ஆறு காலில் இரண்டைத் தூக்கிக் கொம்பாக்கிவிட்டு
மிச்சம் நாலில் நிற்கிறது, திருட்டுக் கழுதை.
சிரித்துக்கொண்டிருந்ததில்
சோறு அடிப்பிடித்துவிட்டது.

இடுப்பும் பொய்.
வயிறு தடிமன்தான்.
இரண்டு ஓரத்திலும் வெளிர்த் திட்டு பூசி
நடுவை மட்டும் கறுப்பாய் விட்டிருக்கிறது.
டர்பன் புடவைக்கடைப் பொம்மையின்
முதுகுப் பக்கம் குத்தியிருந்த ஊசிகள் ஞாபகம் வந்தன.

ஈதான் என்கிறது மனசு.
மனசை நம்பி ஒருமுறை எழுதி அனுப்பினேன்.
வெருலத்துக்காரர் ஒருவர் அதை விரலால் தொட்டார்.
இன்றும் கோயிலில் என்னைக் கண்டால்
அந்த விரலை ஆட்டிக் காட்டுவார்.

அதனால் கேட்டேன்:
பக்கவாட்டில் இன்னொரு படம் வேண்டும்.
கிட்டே போகாதே, ஜூம் பண்ணு.

நாலு இருபதுக்கு வந்தது.
கை நடுங்கி எடுத்த படம்.
ஆனாலும் பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில்
குண்டூசித் தலைகூட இல்லாத
மஞ்சள் குமிழ் ஒன்று.
பறக்கும்போது சாயாமல் இருக்க
ஈக்கு மட்டும் வாய்த்தது.
இத்தனை மறைத்தது
இதை மறைக்கவில்லை.

ஈ.
எனக்குள் அது தமிழில்தான் வந்தது.
ஒரே எழுத்து.
கொடுக்கு இல்லாத எழுத்து.

அனுப்பப் போன விரல் நின்றது.

அசல் இல்லாத ஊரில்
போலி எப்படிப் பிழைக்கும்?
இந்தத் தோட்டத்துப் பறவைக்கு
ஒருமுறையாவது வாய் வெந்திருக்க வேண்டும்.

பூவை விட்டுவிட்டுப் படத்தின் மூலைகளைப் பார்த்தேன்.
நெஞ்சைப் படமெடுத்தால்
தோள்பட்டையையும் பார்க்கிற பழக்கம்.
மேலே, வலது ஓரம், கூரைத் தகரக் குழாய்க்கு அடியில்
மங்கலாய், சாம்பல் நிறத்தில்,
தாமரைக்காயைத் தலைகீழாய்த் தொங்கவிட்ட மாதிரி.
அதன்மேல் நாலைந்து கோடுகள்.
கோடுகள் என்றுதான் சொல்ல முடியும்.

எழுதினேன்.
பூவில் இருப்பது ஈ, அதை விட்டுவிடு.
குழாய்க்கு அடியில் பார். தூர நின்று பார்.
சின்னவன் உள்ளே இருக்கட்டும்.
மருந்தைக் கொத்தமல்லிப் பக்கம் கொண்டுபோக விடாதே.

நாலு நாற்பத்தொன்று.
இரண்டு சாம்பல் டிக்.
இன்னும் நீலமாகவில்லை.
ஆறு மணிக்கு நான் டியூட்டியில் இருக்க வேண்டும்.
யூனிபாரத்தின் பொத்தானைப் போட்டபடி
மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.
விடு என்று சொல்ல
இந்த அறையில் ஆள் இல்லை.